மூக்கைப் பாத்து ட்ரெய்லர் வாங்காதீங்க: பக்கக் காத்துல நாம பண்ற தப்புங்க

இங்க கொலராடோ வந்து செட்டில் ஆன கொஞ்ச நாள்ல நாங்களும் எல்லாரையும் போல ஒரு ட்ராவல் ட்ரெய்லர் வாங்கினோம், பழசுதான், 24 அடி, ரெண்டு ஆக்சில், உள்ள ஒரு படுக்கை, ஒரு குட்டிக் கிச்சன், இட்லிப் பானை வைக்கக்கூட இடம் இருந்துச்சு. வித்தவர் முன்பக்கத்தையேதான் சுத்திச் சுத்திக் காட்டினார், நல்லா வளைஞ்ச வழவழன்னு ஃபைபர்கிளாஸ் மூக்கு, "காத்தைக் கிழிச்சுட்டுப் போகும், பின்னாடி இருக்கறதே தெரியாது"ன்னார், நானும் இஞ்சினியரிங் படிச்ச ஆளு, தலையை ஆட்டிட்டு செக் எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு வயோமிங்ல ஐ-80 ஹைவேல, லேரமில இருந்து ராலின்ஸ் போற வழியில ஆர்லிங்டன் பக்கத்துல, இடது பக்கத்துல இருந்து அடிச்ச காத்துல ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பிச்சப்பதான் புரிஞ்சுது, இந்தக் காத்து மூக்குப் பக்கமே வரல, நேரா விலாவுக்கு வந்து மொத்துது.

முதல் தப்பே இதுதான், பெரிய தப்பும் இதுதான். மூக்கு வளைஞ்சிருந்தா எதிர்க்காத்து இழுவை குறையும், பெட்ரோல் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான் அதுகிட்ட எதிர்பார்க்கலாம். பக்கக் காத்துல வண்டி நேரா நிக்குமா நிக்காதாங்கறதை முடிவு பண்றது விலாவோட பரப்பு, அந்த விலா ஆக்சிலுக்கு முன்னாடி எவ்வளவு பின்னாடி எவ்வளவு இருக்கு, கூரை விளிம்பு வளைவா கூரா, அப்புறம் உள்ள சுமை எங்க உக்காந்திருக்கு, நீங்க எவ்வளவு வேகமா போறீங்க, இதெல்லாம்தான். வேடிக்கை என்னன்னா, ட்ரெய்லரை இழுக்கற பிக்கப் ட்ரக் கம்பெனிங்க குடுக்கற டோயிங் கைடுல சின்ன எழுத்துல ட்ரெய்லரோட முன்பக்கப் பரப்பு இத்தனை சதுர அடிக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருப்பாங்க, பக்கப் பரப்புக்கு எந்தக் கைடுலயும் ஒரு வரி நான் பாத்ததில்ல.

டேப் எடுத்து விலாவை அளங்க

எங்க ட்ரெய்லரையே எடுத்துக்கங்க. பெட்டி 24 அடி நீளம், 8 அடி உயரம், ஆக 192 சதுர அடி, கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர். முன்பக்கம் 64 சதுர அடிதான், அதாவது காத்துக்கு முகத்தைக் காட்டறதை விட மூணு மடங்கு விலாவைக் காட்டிட்டு நிக்கறோம். கடல் மட்டத்துல இருக்கற காத்தை வச்சு ரஃப்பா கணக்கு போட்டா, வண்டி சும்மா நின்னுட்டு இருக்கும்போதே 40 மைல் வேகக் காத்து குறுக்க அடிச்சா அந்த விலா மேல சுமார் 350 கிலோ தள்ளு விழும். 60 மைல்னா? 500, 600 வரும்னு தோணும், ஆனா காத்தோட வேகம் ஒண்ணரை மடங்கு ஆனா தள்ளு ரெண்டேகால் மடங்கு, கிட்டத்தட்ட 800 கிலோ ஆகிடும். அஞ்சாறு பேர் தோள் குடுத்துத் தள்ற மாதிரி இல்ல இது, ஒரு சின்ன மாருதி காரையே தூக்கி விலால சாத்தி வச்ச மாதிரி.

ஐ-80ல எல்க் மவுண்டன் ஏரியா 7000 அடி உயரத்துக்கும் மேல, அங்க காத்து மெலிசு, அடர்த்தி கீழ இருக்கறதை விட சுமார் அஞ்சுல ஒரு பங்கு கம்மி, அப்படியும் குளிர்காலத்துல அங்க செமி ட்ரக்கெல்லாம், அதான் நீளமான பெரிய லாரிங்க, ரோட்டோரமா சாஞ்சு கிடக்கறதைப் பாக்கலாம்.

இதுல ரெண்டு தனித்தனி ஆபத்தை நாம ஒண்ணாக் கலந்துடறோம், அதுவும் ஒரு தப்புதான். ஒண்ணு ஆட்டம், இங்க ஸ்வேன்னு சொல்றது, ட்ரெய்லர் வால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வண்டியையே கூட இழுத்துட்டுப் போறது. இன்னொண்ணு அப்படியே பக்கவாட்டுல கவுந்து சாயறது. முதல்ல சொன்னதுக்குக் காரணம் பெரும்பாலும் எடை வைக்கற விதமும் வேகமும், காத்து சும்மா பத்த வைக்கற தீக்குச்சிதான். ரெண்டாவதுக்குக் காரணம் உயரமான விலா, லேசான எடை. ஒண்ணுக்கு மருந்து வாங்கி மாட்டிட்டு ரெண்டும் சரியாப் போச்சுன்னு நம்பறவங்க நிறைய பேர்.

வளைவு எங்க இருக்கணும்

வளைவே வேஸ்டுன்னு நான் சொல்ல வரல, இடம்தான் விஷயம். கூரையும் பக்கச் சுவரும் சேர்ற அந்த நீள விளிம்பு இருக்கே, அது கூரா 90 டிகிரில மடங்கியிருந்தா குறுக்க வர்ற காத்து அங்க பிச்சுக்கிட்டு மேல எழும்பும், மறுபக்கம் பெருசா ஒரு சுழல் உண்டாகி பெட்டியை அந்தப் பக்கம் இழுக்கும். அதே விளிம்பு நல்லா உருண்டையா இருந்தா காத்து வழுக்கி மேல ஏறிப் போயிடும், பக்கத் தள்ளும் குறையும், கவுக்கற விசையும் குறையும். ரயில் பெட்டிங்க கூரை ஓரத்தை உருட்டி விடறதுலயும் இதே லாபம் இருக்கு.

ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரைப் பாத்திருப்பீங்க, அந்த வெள்ளி நிற ரொட்டித் துண்டு மாதிரி இருக்குமே. அதுக்கு அப்பன் 1934ல வந்த ரோட் சீஃப்ங்கற ட்ரெய்லர், செஞ்சவர் ஹாலி பௌலஸ், கிளைடர் கட்டறவர், லிண்ட்பெர்க் 1927ல அட்லாண்டிக்கைத் தாண்டின விமானத்தைக் கட்டின ரயான் கம்பெனில வேலை பாத்தவர். அந்த டிசைனை வச்சு ஏர்ஸ்ட்ரீம் கம்பெனியை ஆரம்பிச்ச வாலி பையம் 1936ல கிளிப்பர்னு ஒண்ணு கொண்டு வந்தார், இன்னிக்கு வரைக்கும் அதே உருண்டை உருவம்தான். எல்லாரும் அதோட முன்பக்கத்தைப் பாத்து ஆஹாங்கறாங்க, பக்கக் காத்துல அதுக்கு உதவறது மூக்கு இல்ல, அந்தத் தோள்பட்டை வளைவும், சதுரப் பெட்டிங்களை விட தரைக்குக் கொஞ்சம் தாழ்வா உக்காந்திருக்கற உடம்பும்.

இதுல இன்னொரு முடிச்சும் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. ஓடற வண்டிக்குக் காத்து நேர் குறுக்க வராது, நம்ம வேகமும் சேர்ந்து முன்பக்க மூலைல இருந்து சாய்வா வரும். அப்ப முன் மூலை நல்லா வளைஞ்சிருந்தா காத்து அதை ஒட்டிக்கிட்டே வேகமா திரும்பும், அந்தத் திரும்பற இடத்துல உறிஞ்சல் உண்டாகும், அதாவது தள்ளோட மையம் பெட்டியோட நடுவுல இல்லாம முன்னாடி நகர்ந்துடும். 1930கள்ல வழவழப்பான ஸ்ட்ரீம்லைன் கார்கள் வந்தப்ப இதே தலைவலிதான், எதிர்க்காத்துல சூப்பர், பக்கக் காத்துல மூக்கு திரும்பிக்கும். ட்ரெய்லர்ல மூக்கு ஹிட்ச்ல, அதாவது பிக்கப்போட பின்னாடி இருக்கற இணைப்புல, கட்டிப் போட்டிருக்கறதால அந்தத் தள்ளு நம்ம பிக்கப்போட பின்புறத்துக்குப் போகும். பிக்கப் பெருசா, நீள வீல்பேஸா இருந்தா தாங்கிக்கும். சின்ன எஸ்யூவியா, டயர் சுவர் மெத்துமெத்துன்னு இருக்கற வண்டியா இருந்தா பின்பக்கம் நழுவற மாதிரி ஒரு உணர்வு வரும், ட்ரெய்லர் குத்தம்னு நினைச்சுப்போம்.

இப்ப மாத்தி யோசிங்க, ஆக்சிலுக்குப் பின்னாடி நிறைய பெட்டி நீட்டிக்கிட்டு இருந்தா? காத்து இடப்பக்கத்துல இருந்து வருதுன்னு வைங்க, வாலை வலப்பக்கம் தள்ளும், ஆக்சில் நடுவுல சீசா மாதிரி இருக்கறதால மூக்கு இடப்பக்கம் போகும், ஹிட்ச்சைப் பிடிச்சு பிக்கப்போட பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும், பிக்கப்போட முகம் வலப்பக்கம் திரும்பும். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அதே பக்கம் வண்டியும் தானா திரும்புது, ரோட்டை விட்டு வெளிய. அதனால ட்ரெய்லர் பாக்கப் போனா பக்கவாட்டுல பத்தடி தள்ளி நின்னு, ஆக்சிலுக்குப் பின்னாடி எவ்வளவு பெட்டி தொங்குதுன்னு பாருங்க. நான் அன்னிக்கு அதைப் பாக்கல, உள்ள போய் மைக்ரோவேவ் வேலை செய்யுதான்னு பாத்தேன்.

சின்னது, லேசானது, பெருசு, உயரமானது

லேசா இருந்தா இழுக்க ஈசின்னு எல்லாரும் லேசான ட்ரெய்லரா தேடறாங்க, சமவெளில மலை ஏத்தத்துல அது சரி, காத்துல அது சரியில்ல. பாக்க வேண்டியது எடையை மட்டும் இல்ல, எடைக்கும் விலாவுக்கும் உள்ள கணக்கை. 24 அடி, 8 அடி உயரப் பெட்டியை 4000 பவுண்டுக்குள்ள கட்டினா அது ஒரு பாய்மரம், அதே பெட்டி 6000 பவுண்டு இருந்தா காத்து அதுக்குக் கொஞ்சமாவது மரியாதை குடுக்கும்.

டியர்டிராப்னு சொல்ற துளி வடிவ குட்டி ட்ரெய்லருங்க காத்துல நல்லா போறதுக்குக் காரணம் துளி வடிவம்னுதான் பேரை வச்சு நினைக்கறோம், உண்மைல அது தாழ்வா இருக்கறதுதான், பெரும்பாலானது பிக்கப்போட முதுகுக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கும். ஓட்டும்போது மடக்கிக்கற பாப்-அப், முக்கோணக் கூரை ஏ-ஃப்ரேம் ட்ரெய்லருங்களுக்கும் அதே நியாயம், விலாவைப் பாதியா மடிச்சு வச்சுட்டா எந்த ஏரோடைனமிக்ஸும் தேவையில்ல. காத்து அடிக்கற ஊர்ல இருக்கறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான், வீட்ல கேட்டா "நின்னு சமைக்க முடியாது"ன்னு சொல்லுவாங்க, அது வேற பஞ்சாயத்து.

ஃபிஃப்த் வீல்னு பிக்கப்போட தொட்டிக்குள்ளயே மாட்டி இழுக்கற பெரிய ட்ரெய்லர் வச்சிருக்கறவங்க "எங்களுது ஆடவே ஆடாது"ன்னு கொஞ்சம் தெனாவெட்டா பேசுவாங்க, வாஸ்தவம்தான், அதோட பிடிப்பு பிக்கப்போட பின் ஆக்சில் மேலயே இருக்கறதால வாலாட்டம் ரொம்பக் குறைவு. ஆனா அது பல மாடல்ல 12, 13 அடி உயரம். ஆடாம கவுந்த ஃபிஃப்த் வீலும் உண்டு. டாய் ஹாலர்னு பின்னாடி கராஜ் வச்ச வகை இன்னும் கொஞ்சம் விஷமம், உள்ள ரெண்டு மூணு பைக் நிக்கும்னு கணக்கு பண்ணிக் கட்டினது, பைக்கை இறக்கி விட்டுட்டுக் காலியா திரும்பி வரும்போது பின்பக்கம் பூரா வெறும் காத்துப் பெட்டி. போகும்போது நல்லா வந்துச்சே, திரும்பும்போது ஏன் இப்படி பண்ணுதுன்னா காரணம் அங்க இருக்கு.

காட்டு ரோட்டுக்கு வேணும்னு ட்ரெய்லரை நாலு அஞ்சு இன்ச் தூக்கிக்கறாங்க, ஸ்டைலாத்தான் இருக்கு, எடையோட மையமும் காத்து தள்ற இடமும் சேர்ந்து மேல ஏறும், கூடவே அடியில காத்து புகுந்துக்க இடமும் கிடைக்கும்.

என் நாலு சைக்கிள்

இப்ப என் கதைக்கு வர்றேன். ஆட்டத்துக்கு நான் முதல்ல உருவத்தைத்தான் குத்தம் சொன்னேன், அப்புறம் காத்தை, அப்புறம் வித்தவரை. கடைசிலதான் பின் பம்பர்ல நான் மாட்டின சைக்கிள் ரேக் ஞாபகம் வந்துச்சு. ட்ரெய்லர் மொத்தம் 5800 பவுண்டு, ஹிட்ச் மேல உக்கார்ற எடை, டங் வெயிட், 600 பவுண்டு இருந்துச்சு, அதாவது பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. இங்க அமெரிக்கால சொல்ற கணக்கு 10ல இருந்து 15 சதவீதம், ஆக பாஸ் மார்க்கை ஒட்டித்தான் இருந்தேன். ரேக்கும் நாலு சைக்கிளும் சேர்ந்து 150 பவுண்டு, ஆக்சில்ல இருந்து 12 அடி பின்னாடி, ஹிட்ச் ஆக்சிலுக்கு 16 அடி முன்னாடி, சீசா கணக்கு போடுங்க, ஹிட்ச்ல இருந்து 110 பவுண்டு மேல தூக்கிடுச்சு. 600 இருந்தது 490க்குக் கீழ வந்துடுச்சு, மொத்த எடையோ 5950, எட்டு சதவீதம்தான். குழந்தைங்க சைக்கிள் ரெண்டும் பெரியவங்க சைக்கிள் ரெண்டும், அவ்வளவுதாங்க வித்தியாசம்.

"சரி, முன்னாடியும் அதே அளவு எடை வச்சா பேலன்ஸ் ஆகிடுமே"ன்னு எனக்கும் தோணிச்சு, ரெண்டு பேட்டரி, ஒரு ஜெனரேட்டர் முன்னாடி மாட்டலாம்னு. சதவீதம் சரியாகும், ஆட்டம் சரியாகாது. ஜிம்ல டம்பெல்லை நடுவுல பிடிச்சுத் திருகிப் பாருங்க, அதே எடையை நடுவுலயே கட்டியா வச்சுத் திருகிப் பாருங்க, ரெண்டு நுனிலயும் எடை இருந்தா திரும்ப ஆரம்பிக்கவும் நேரமாகும், ஆரம்பிச்சா நிறுத்தவும் நேரமாகும். இங்கிலாந்துல பாத் யுனிவர்சிட்டில செஞ்சு 2009ல வெளியான சோதனைலயும் காரவன் எந்த வேகத்துல ஆட்டம் கண்ட்ரோல் இழக்கும்ங்கறதை ரொம்ப பாதிக்கறது எடை எப்படிப் பரவியிருக்கு, ஆக்சில் எங்க இருக்குங்கறதுதான்னு வந்துச்சு. அதனால கனமானதெல்லாம், அரிசி மூட்டை, தண்ணி கேன், டூல் பாக்ஸ், கிரைண்டர் கொண்டு போற ஆளுங்களா இருந்தா அது உட்பட, ஆக்சிலை ஒட்டி, கொஞ்சம் முன்னாடி, தரையோட தரையா வைங்க. மேல் ஷெல்ஃப்ல சிப்ஸும் போர்வையும் போதும்.

தண்ணி டேங்க் எங்க இருக்குன்னு கீழ குனிஞ்சு பாருங்க. 50 கேலன் டேங்க் ரொம்பினா 415 பவுண்டு. ஆக்சில் மேலயோ முன்னாடியோ இருந்தா காத்து நாள்ல ரொப்பிக்கிட்டுப் போறது லாபம், எடையும் கூடும், தாழ்வாவும் இருக்கும். பின்னாடி இருந்தா ரொப்பறது சைக்கிள் கதைதான். பாதி டேங்க் அலம்பிக்கிட்டு இருக்கறது எந்த இடத்துல இருந்தாலும் நல்லதில்ல. இதையெல்லாம் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது, ஹைவே ஓரம் ட்ரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு எடை மேடை இருக்கும், கொஞ்சம் டாலர்தான், பேக் பண்ணி முடிச்சுட்டு ஒரு தடவை ஏத்திப் பாருங்க. வீட்ல காலியா நிக்கும்போது எடுத்த எடை பயணத்துக்கு உதவாது.

"காத்து குறுக்கதானே அடிக்குது, வேகத்துக்கும் அதுக்கும் என்ன"

இதை என் மச்சானே என்கிட்ட கேட்டார். நேர் குறுக்க 40 மைல் காத்து, நீங்க 65ல போறீங்கன்னா, ட்ரெய்லர் மேல படற காத்து 40 மைல் இல்ல, ரெண்டும் சேர்ந்து சுமார் 76 மைல், 32 டிகிரி சாய்வுல வருது. 55க்குக் குறைச்சா 68 மைல். வேகமா போகப் போக பக்கத் தள்ளும் ஏறுது, காத்து அதே காத்துதான், ஏத்தினது நம்ம கால்.

அதை விட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு. ட்ரெய்லர் வால் ஒரு பக்கம் போனா அதைத் திரும்பக் கொண்டு வந்து அமுக்கறது டயர். அந்த அமுக்கற திறமை வேகம் ஏற ஏறக் குறையும், ஒரு கட்டத்துக்கு மேல சுத்தமா போயிடும், அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆட்டமும் முந்தின ஆட்டத்தை விடப் பெருசா வரும். அந்தக் கட்ட வேகம் உங்க ட்ரெய்லருக்கு எவ்வளவுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காது, அது எடை வச்ச விதத்தைப் பொறுத்து தினமும் மாறும். சைக்கிள் மாட்டாத நாள்ல 75ல கூட அமைதியா வந்த ட்ரெய்லர், மாட்டின நாள்ல 62ல வாலாட்டும். கலிஃபோர்னியால ட்ரெய்லர் இழுக்கற வண்டிக்கு 55 மைல்தான் லிமிட், எல்லாரும் முணுமுணுப்பாங்க, எனக்கு இப்ப அந்த நம்பர் மேல ஒரு பாசமே வந்துடுச்சு. ட்ரெய்லர் டயரும் சோதிச்சுக்கங்க, எஸ்டின்னு ஆரம்பிக்கற டயர்ல பழசு நிறைய 65 மைலுக்குத்தான், டயர்ல காத்து கம்மியா இருந்தா ஆட்டம் சீக்கிரம் வரும்.

நிதானமா ஒரே மாதிரி அடிக்கற காத்து அவ்வளவு பிரச்சனை இல்ல, கை பழகிடும். திடீர்னு வர்றதும் திடீர்னு நிக்கறதும்தான் வில்லன். மலையைக் குடைஞ்ச வெட்டுக்குள்ள போய்ட்டு வெளிய வர்ற இடம், பாலத்து மேல ஏறின உடனே, கணவாய் வாய். தெற்கு கலிஃபோர்னியால ஐ-10ல சான் கோர்கோனியோ கணவாய்ல போனா ரெண்டு பக்கமும் காத்தாடி காடு, நம்ம ஆரல்வாய்மொழி முப்பந்தல்ல பஸ் திரும்பினதும் ஜன்னல்ல மூஞ்சில அறையுமே, அதே மாதிரி இடம். காத்தாடி நட்டு வச்சிருக்கான்னா அங்க காத்து சும்மா வரல, அதைப் போர்டா எடுத்துக்கிட்டு முன்னாடியே காலை எடுத்துடுங்க.

செமி ட்ரக் தாண்டிப் போறதும் ஒரு குட்டிப் பக்கக் காத்துதான். அவன் மூக்கு தள்ளிக்கிட்டு வர்ற காத்து முதல்ல நம்ம வாலை வெளிப்பக்கம் தள்ளும், அவன் பாதி தாண்டினதும் நடுவுல காத்தழுத்தம் குறைஞ்சு உள்பக்கம் உறிஞ்சும். தள்றப்பவே பயந்து ஸ்டியரிங்கை அவன் பக்கம் திருப்பினீங்கன்னா, உறிஞ்சல் வர்ற நேரமும் நீங்க திருப்பின நேரமும் ஒண்ணாச் சேர்ந்துக்கும். வர்றதைக் கண்ணாடில பாத்துட்டு, லேன்ல அவனுக்கு எதிர்ப்பக்க ஓரமா கொஞ்சம் ஒதுங்கி, கையை இறுக்காம பிடிச்சுக்கிட்டா போதும்.

ஆட ஆரம்பிச்ச அந்த அஞ்சு செகண்ட்

என் கால் பிரேக்குக்குத்தான் போச்சு, யாருக்கும் அப்படித்தான் போகும். பிக்கப் வேகம் குறைய, பின்னாடி ரெண்டரை டன் இடிச்சுக்கிட்டு வர, ஆட்டம் இன்னும் பெருசாச்சு. செய்ய வேண்டியது வேற, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க, டேஷ்போர்டுல இருக்கற பிரேக் கண்ட்ரோலர்ல கையால இழுக்கற லீவர் இருக்கும், அதை மெதுவா அழுத்துங்க, ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடிக்கும், வாலைப் பிடிச்சு இழுத்த மாதிரி நேராகும். அந்த லீவர் எங்க இருக்குன்னு இருட்டுல கையால தடவிக் கண்டுபிடிக்கத் தெரியணும், காலியான பார்க்கிங் லாட்ல ரெண்டு தடவை அழுத்திப் பழகுங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரா ஸ்டியரிங் திருப்பறது வேலைக்கு ஆகாது, அது ஒண்ணு ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை ஆடுது, நாம பாத்து யோசிச்சுத் திருப்பறதுக்குள்ள அது மறுபக்கம் போயிருக்கும், நாம அதுக்குத் தாளம் போட்டுக் குடுக்கறோம். "ஆக்சிலரேட்டரை அழுத்து, இழுத்து நேராக்கிடும்"னு ஒரு பழைய அட்வைஸ் சுத்திக்கிட்டு இருக்கு, ஒரு நிமிஷம் நேராகற மாதிரி இருந்தாலும் வேகம் கூடினா ஆட்டத்தோட எல்லைக்கு இன்னும் உள்ள போறீங்க, வேண்டாம்.

இது எல்லாம் நடந்த பிறகு எல்லாரையும் போல நானும் கடைக்குப் போய் ஸ்வே கண்ட்ரோல் வாங்கினேன். நல்ல சாமான்தான், வேண்டாம்னு சொல்லல. ஆனா வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் கம்பி வேற, ஸ்வே கண்ட்ரோல் வேற, முதல்ல சொன்னது ஹிட்ச் எடையால பிக்கப்போட முன் சக்கரம் தூக்கிக்காம இருக்க, ரெண்டாவது உராய்வால ஆட்டத்தை அமுக்க, ரெண்டையும் சேர்த்துச் செய்யற மாடலும் உண்டு, தனித்தனியும் உண்டு, கடைக்காரர் சொல்றதைக் கேட்டுத் தலையாட்டாம எது மாட்டியிருக்குன்னு தெரிஞ்சுக்கங்க. இதுல ஒரு சங்கடம், எடை தப்பா இருக்கற ட்ரெய்லரையும் இந்தக் கம்பி அமைதியா வர வச்சிடும், காய்ச்சல் மாத்திரை மாதிரி. நோய் அப்படியே உள்ள இருக்கும், பெருசா ஒரு காத்து வர்ற அன்னிக்கு மாத்திரை பத்தாது. நான் கம்பியைக் கழட்டி வச்சுட்டு, காத்தில்லாத நாள்ல, காலி ரோட்டுல, 45, 50னு மெதுவா ஏத்திப் பாத்தேன், எடை சரியாகறதுக்கு முன்னாடியும் பின்னாடியும். சைக்கிள் இப்ப பிக்கப்போட தொட்டில போகுது. கவுக்கற காத்துக்கோ எந்தக் கம்பியும் எந்த எலக்ட்ரானிக்ஸும் உதவாது, அங்க ஒரே வழி போகாம இருக்கறது.

மிச்சிகன்ல மாக்கினா பாலத்துல இதை அவங்களே முடிவு பண்ணிடறாங்க, காத்து 35 மைலைத் தாண்டினா ட்ரெய்லர் இழுக்கற வண்டி உட்பட உயரமான வண்டிங்களைத் தனியா விடமாட்டாங்க, எஸ்கார்ட் வண்டி முன்னாடி போக 20 மைல் வேகத்துல ஊர்ந்து போகணும், இன்னும் ஏறினா விடவே மாட்டாங்க. வயோமிங்ல ரோட்டுப் போர்டுல லேசான, உயரமான வண்டிகளுக்கு ரோடு மூடியிருக்குன்னு எரியும், நமக்கு அதைப் படிச்சதும் செமிக்காரனுக்குச் சொல்றான்னுதான் தோணும். நமக்கும் சேர்த்துத்தான்.

போன நவம்பர்ல அந்தப் போர்டு எரிஞ்சுது, லேரமிலயே நின்னுட்டோம். பெரிய பார்க்கிங் லாட், சுத்தி நாலஞ்சு ட்ரெய்லர், செமிங்க வரிசையா. ராத்திரி ஒன்பது மணிக்குக் காத்து விலால மொத்த ஆரம்பிச்சு தட்டெல்லாம் கிலுகிலுன்னு ஆடிச்சு, பசங்க முழிச்சுக்கிட்டாங்க. வெளிய போய், வெயில் மறைப்புத் துணி சுருள் திறந்துக்காம இருக்க ரெண்டு பட்டை போட்டுக் கட்டினேன், அப்புறம் பிக்கப்பை ஸ்டார்ட் பண்ணி வண்டியை ஒரு கால் வட்டம் திருப்பி, அந்த வழவழ மூக்கைக் காத்துக்கு நேரா காட்டி நிறுத்தினேன். ஆட்டம் சட்டுன்னு அடங்கிடுச்சு. காலைல நாலு மணி வரைக்கும் வெளிய ஊளை கேட்டுச்சு, உள்ள எல்லாரும் தூங்கினாங்க, அந்த மூக்குக்கு நான் குடுத்த காசுல கொஞ்சம் அன்னிக்கு ராத்திரிதான் வசூலாச்சு.